சட்டம் அறியாமை யாருடைய குற்றம்?

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனைத் தேர்க்காலிலிட்டுக் கொன்றான். இக்கதையை நீதியின் இலக்கணமாக நாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகின்றோம். பெரியபுராணம் இதனைத் திருவாரூரில் வைத்துச் சொல்கின்றது. மகாவம்சம் இதே கதையை அநுராதபுரத்து எல்லாளன்மீது ஏற்றிச் சொல்கின்றது. ஈழத்திலே தமிழரும் சிங்களவரும் சண்டையின்றி ஒருமித்துப் போற்றும் விடயங்கள் மிகச் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று. அந்த ஒருமைப்பாட்டைக் குலைக்க நேர்வதையிட்டு வருந்துகின்றேன். ஆயினும் கேட்டேயாகவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்த இளவரசன் செய்த குற்றம் யாது?

அவன் கன்றைக் கொல்ல எண்ணவில்லை. கன்று சில்லில் அகப்படும் என்று அறிந்துகொண்டே தேரைச் செலுத்தவுமில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 73 ஆம் பிரிவை எடுத்து நோக்குவோமாயின், குற்ற எண்ணமோ குற்ற அறிவோ இன்றி, சட்டத்துக்கு அமைந்த ஒரு செயலை உரிய கவனத்துடன் செய்கையில் தற்செயலாக விளைந்த தீங்கு குற்றமன்று என்பது தெளிவாகும். தேரை வேகமாக ஓட்டினான் என வாதிடுவோர் கவனயீனத்தை அவன்மீது சுமத்தலாம். அதற்குமேல் சுமத்துவதற்கு ஒன்றுமில்லை. மன்னனோ நன்கு ஆலோசித்து, அமைச்சர் தடுத்தும் கேளாது, கொல்லும் எண்ணத்துடனேயே கொன்றான். நீதிக்கு எடுத்துக்காட்டென நாம் காட்டும் இக்கதையில் நிகழ்ந்த ஒரேயொரு கொலை நீதிபதி செய்த கொலையேயாகும்.

பக்தி நூலைச் சட்டப் புத்தகத்தால் அளக்கலாமா என அன்பர்கள் சினக்கக்கூடும். இறைவன் திருவருளைப் பற்றி நான் பேசவில்லை. கை செய்ததை மாத்திரம் கண்டு மனம் எண்ணியதைக் காணாத ஒரு நீதிக் கொள்கை எமது சமுதாயத்தின் சிந்தனையில் எவ்வளவு ஆழமாக வேரோடியுள்ளது என்பதையே சுட்டுகின்றேன். குற்றவியற் சட்டத்தின் முதற் பாடமோ இதற்கு நேர்மாறானது. குற்றம் என்பது செயலும் மனமும் சேர்ந்தது. மனம் குற்றப்படாதவிடத்துச் செயல் மாத்திரம் மனிதனைக் குற்றவாளியாக்காது. இவ்வுண்மையை உணர்த்த இலத்தீன் வாசகம் தேவையில்லை. எமது ஆலையடிவேம்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஒரு வீதியே எல்லை. அவ்வீதிக்கு அப்பால் வாழும் முஸ்லிம் சிறுவன் மதரசாவிலே முதலில் அறியும் சொற்களுள் ஒன்று 'நிய்யத்து' என்பது. எண்ணத்தைக் கொண்டே செயல் மதிக்கப்படும் என்பதை அவன் அறிவான். எமது தமிழ்ச் சனங்களும் பேச்சிலே அச்சொல்லை அறிவர். ஆனால் அதே பொருள் தண்டனைச் சட்டக்கோவையின் அடித்தளமாக உள்ளது என்பதை இரு பகுதியாருமே அறியார்.

இவ்வறியாமைக்கு யார் பொறுப்பு என்பதே எனது விடயம். 'சட்டம் அறியாமை மன்னிப்பாகாது' என்பது எல்லோருக்கும் தெரிந்த வாசகம். உண்மையிற் சொல்லப்போனால், எமது பாமர மக்களுக்குச் சட்டத்திலே தெரிந்த ஒரே வாசகமும் இதுவே. சட்டக்கோவையின் 69 ஆம், 72 ஆம் பிரிவுகள் இதனை உட்கொண்டுள்ளன. நிகழ்ச்சியைத் தவறாக விளங்கி நல்லெண்ணத்துடன் ஒன்றைச் செய்தவன் மன்னிக்கப்படலாம். சட்டத்தைத் தவறாக விளங்கியவன் மன்னிக்கப்படான். இந்த விதி இல்லாவிடின் எந்த நாட்டிலும் எந்தச் சட்டமும் நடவாது என்பதை நான் ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் இவ்விதி ஓர் ஒப்பந்தத்தின் ஒரு பாதியே. அறிந்திருக்க வேண்டுமெனக் குடிமகனிடம் கோருகின்ற அரசு, அறியும் வழியை அவனுக்குத் திறந்துவைக்கக் கடமைப்பட்டுள்ளது. மறுபாதியை நிறைவேற்றாது முதற்பாதியை மாத்திரம் வசூலிக்கும் ஒப்பந்தத்துக்குச் சந்தையிலே வேறு பெயர்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று முரணைக் காணலாம். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணைக்குழு 1837 இல் வரைந்து, 1860 இல் இந்தியாவிலே சட்டமாகிய கோவையே சில மாற்றங்களுடன் 1883 இன் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கு வந்தது; அதுவரை இங்கு வழங்கிய உரோம-ஒல்லாந்தக் குற்றவியற் சட்டம் அத்துடன் ஒழிந்தது. குடியேற்ற ஆட்சியின் கருவி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கருவியைச் செய்தவர்கள், சட்டம் வாசித்தால் விளங்கவேண்டும் என்று கருதினர். ஆகவேதான் பிரிவுதோறும் உதாரணக் கதைகளைச் சேர்த்தனர். குழியொன்றின்மேல் தடியும் புல்லும் பரப்பி ஒருவன் விழுந்து சாகச்செய்தவன் கதை அங்குண்டு. திருடுவதற்காகக் கோழியைச் சுட்டு, பற்றைக்குப் பின்னால் ஆள் இருந்ததை அறியாமலே அவ்வாளைக் கொன்றவன் கதையும் அங்குண்டு. பின்னவன் செய்தது குற்றமான மனிதக்கொலையன்று என்கின்றது கோவை. கோழித் திருடன் என்ற காரணத்தால் அவனை மனிதக் கொலைஞனாக்க அது மறுக்கின்றது. எந்த நாட்டுப் பாட்டியும் சொல்லக்கூடிய கதைகள் இவை. 1883 இலே கதை சொன்ன சட்டம் எமது காலத்திலே கதை சொல்லத் தெரியாதவர்களின் கையிலே அகப்பட்டுள்ளது. அரசாங்கச் சட்டங்களின் தமிழ்ப் பாடங்களைப் புரட்டிப் பாருங்கள்: அரைப்பக்கத்துக்கு ஒரு வாக்கியம், எழுவாய் ஓரிடம், பயனிலை மறுபக்கம். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் நாமே இருமுறை வாசிக்கவேண்டியுள்ளது. சாகாமத்து வயலிலே நிற்கும் முல்லைக்காரன் என்செய்வான்?

அவனுக்குச் சொல்லவேண்டிய முறை வேறு. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கை எடுத்துக்கொள்வோம். எமது பக்கத்திலே அதை அறியாத பிள்ளையும் இல்லை. வயலோரத்திலே கட்டுத்துவக்கு வெடித்து ஒரு மனிதன் இறந்துவிட்டான். ஊரார் 'விபத்து' என்பர். இறந்தவனின் வீட்டார் 'கொலை' என்பர். சட்டம் இருவரையும் விலக்கிவிட்டு, கட்டியவனின் மனத்தைக் கேட்கின்றது. நாள்தோறும் அவ்வழியே வரும் பகைவனுக்காகவே கட்டினானாயின் அது 294 ஆம் பிரிவின் கீழ்க் கொலை. 296 ஆம் பிரிவின்படி அதற்குத் தண்டனை மரணம் (1976 இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு விடயம்). பன்றிக்கே கட்டினான், ஆனால் சனங்கள் நடக்கும் வரம்பிலே, எவராவது சாகக்கூடும் என்று அறிந்துகொண்டே கட்டினான் எனின், அவ்வறிவே அவனைப் பிடிக்கின்றது: குற்றமான மனிதக்கொலை, 297 ஆம் பிரிவிலே பத்தாண்டுவரை சிறை. ஆள் செத்தே தீரும் என்னுமளவுக்கு ஆபத்து வெளிப்படையாக இருந்திருப்பின் அவ்வறிவு கொலையாகவும் மாறலாம். மனிதர் எவரும் வராத இடமென நினைத்தான், ஆனால் நினைக்கவேண்டிய அளவுக்கு நினைக்கவில்லை எனின், 298 ஆம் பிரிவு: கவனயீனத்தால் விளைந்த மரணம், ஐந்தாண்டுவரை. ஒரே துவக்கு, ஒரே தோட்டா, ஒரே பிணம். மூன்று வெவ்வேறு குற்றங்கள். அனுமதிப்பத்திரமில்லாத துவக்கு என்பது இவற்றுக்குப் புறம்பான இன்னொரு வழக்கு. இப்பொழுது சில வயல்களிலே மின்கம்பி கட்டுகின்றனர். அதற்கும் இதே கணக்குத்தான்.

இதனை விளங்கிக்கொள்ளச் சட்டக் கல்லூரிக்குப் போகவேண்டுமா?

மனத்தைப் பாராது செயலை மாத்திரம் பார்க்கும் பழக்கம் பொலிசாரிடமும் உண்டு என்பதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. 2019 மே மாதத்திலே மகியங்கனைப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடையிலே கப்பலின் சுக்கான் வடிவம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மசக்கரம் எனக் கருதப்பட்டு அப்பெண் கைதாகி விளக்கமறியலிலே வைக்கப்பட்டார். சுக்கானையும் சக்கரத்தையும் பிரித்தறியாதது பார்த்தவரின் கண். சிறையிருந்ததோ உடுத்தவரின் உடல். மதத்தை அவமதிக்கும் எண்ணம் என்பது அக்குற்றத்தின் உயிர்நாடி. அவ்வெண்ணம் எங்கே என்று அன்றைக்கே கேட்கக்கூடிய பத்துப்பேர் அவ்வூரிலே இருந்திருப்பின் நிகழ்ச்சி வேறுவிதமாகச் சென்றிருக்கலாம்.

இனிப் பாதுகாப்புகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கோவையின் நான்காம் அத்தியாயம், 69 முதல் 99 வரை, 'பொது விதிவிலக்குகள்' எனப்படும். குழந்தையின் செயல், சித்தசுவாதீனமற்றவனின் செயல், தன்னை அறியாமல் பிறரால் வெறியூட்டப்பட்டவனின் செயல், தற்செயல் ஆகியன அங்குள. குற்றப் பொறுப்பின் வயது நெடுங்காலம் எட்டாகவே இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தம் அதனைப் பன்னிரண்டாக உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளையின் முதிர்ச்சியையும் ஆராயவேண்டும். எமது ஊர்ப் பாடசாலைகளிலே எத்தனை ஆசிரியர் இதனை அறிவர்? மாங்காய் களவெடுத்த பத்து வயதுப் பிள்ளையைப் பொலிசுக்குக் கொண்டுபோவதாக மிரட்டும் பெரியவர்கள் இன்னும் உளர்.

அவ்வத்தியாயத்தின் இறுதிப் பதினொரு பிரிவுகள் தற்காப்புரிமையைக் கூறுவன. மக்கள் மிகக் கூடுதலாகப் பிழை விளங்கிக்கொண்ட பகுதியும் இதுவே. ஒரு சாரார், கள்ளனைக் கண்டால் கொல்லலாம் என்கின்றனர். மற்றொரு சாரார், கள்ளன்மேல் கைவைத்தால் வழக்கு எம்மேல் வரும் என அஞ்சிக் கதவைப் பூட்டிக்கொள்கின்றனர். இருசாராரும் தவறு. சூடடித்துக் குவித்த நெல்லைக் களத்துமேட்டிலே ஒருவன் களவாக அள்ளுகின்றான் எனில், அவனைத் தடுக்கவும் பிடிக்கவும் அதற்கு வேண்டிய அளவு பலத்தைப் பிரயோகிக்கவும் உரிமையுண்டு, கொல்ல உரிமையில்லை. அவன் கத்தியை ஓங்கி உயிருக்கோ உறுப்புக்கோ கேடு விளையும் என்ற நியாயமான அச்சம் ஏற்பட்டவிடத்து அவ்வுரிமை கொல்லுமளவுக்கும் விரிகின்றது. இரவிலே வீடுடைத்தல், கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. பாலியல் வன்முறைக்கு எதிராகப் பெண் தன்னைக் காக்கையிலே தாக்கியவன் இறந்துபடினும் சட்டம் அவள் பக்கம் நிற்கின்றது. எமது பெண்களுக்கு எவரும் சொல்லிக்கொடாத வாக்கியம் இதுவாகும். கள்ளன் நெல்லைப் போட்டுவிட்டு ஓடியபின், பிடித்து மரத்திலே கட்டிவைத்து ஊர்கூடி அடிப்பது மாத்திரம் எந்தப் பிரிவிலும் இல்லை. அது வீரமுமன்று, தற்காப்புமன்று. ஐவர் கூடிச் செய்தால் சட்டவிரோதக் கூட்டம். அடித்தவனுக்குத் துணைநின்றவனையும் 32 ஆம் பிரிவின் பொது எண்ணம் இழுத்துக்கொள்ளும். ஆயினும் அருகில் நின்ற காரணத்தால் மாத்திரம் ஒருவன் குற்றவாளியாகான். ஒரேவிதமான எண்ணம் இருவருக்குத் தனித்தனியே இருப்பது வேறு, இருவரும் கூடி ஓர் எண்ணம் கொள்வது வேறு என்பதைக் கோமறைக் கழகம் 1945 இலே மஹ்பூப் ஷா வழக்கில் தெளிவுறுத்தியது. நண்பனுக்குத் துணையாக மோட்டார் சைக்கிளிலே ஏறிக்கொள்ளும் எமது இளைஞர் அறியவேண்டிய வேறுபாடு இது.

வாய்க்கால் நீருக்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டியால் வெட்டிக்கொள்வது எமது வட்டைகளிலே புதுமையன்று. முன்யோசனையின்றி, திடீரென எழுந்த சண்டையின் கொதிப்பிலே, கொடூரமின்றி நிகழ்ந்த சாவு, கொலை என்ற படியிலிருந்து ஒருபடி இறங்கும். கடுமையான, திடீரென்ற கோபமூட்டலுக்கும் அவ்வாறே. கொல்லும் எண்ணம் இருந்தபோதிலும் இவ்விதிவிலக்கு எதிரிக்குக் கிட்டும் என இலங்கையிலிருந்து சென்ற டொன் ஜோன் பெரேரா வழக்கிலே 1953 இல் கோமறைக் கழகம் தீர்த்தது. ஆனால் வீட்டுக்குப் போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு திரும்பியவனுக்குத் 'திடீர்' என்ற சொல் உதவுவது அரிது. இவ்விதிவிலக்கினால் நெடுங்காலம் பயன்பெற்றோர் பெரும்பாலும் ஆண்களே என்பதையும், ஆண்டுக்கணக்காக அடிவாங்கிய பெண்ணின் கோபம் திடீரென எழுவதில்லை என்பதையும் சட்டம் படிப்போர் சிந்திக்கவேண்டும்.

இவ்விதிவிலக்குகளை நிரூபிக்கவேண்டியவர் யார்? குற்றத்தை ஐயத்துக்கிடமின்றி நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமை. இங்கிலாந்திலே 1935 இன் வூல்மிங்ரன் வழக்கு அதனைப் பொன்னிழை என வருணித்தது. இலங்கையிலோ சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு விதிவிலக்கை நிரூபிக்கும் பாரத்தை எதிரியின் தோளில் ஏற்றுகின்றது. 1942 இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கிலே எமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பாரம் எதிரியதே, இரண்டில் எது கூடுதலாக நிகழ்ந்திருக்கக்கூடியது என்ற அளவிலே அவன் அதனை நிரூபிக்கவேண்டும் எனத் தீர்த்தது. அதே வாசகத்தை அதற்கு முந்திய ஆண்டிலே அலகாபாத் முழு ஆயம் பர்பூ வழக்கிலே எதிரிக்குச் சாதகமாக வாசித்திருந்தது. அலகாபாத்தின் வாசிப்பே நீதிக்கு அண்மையானது என்பது என் கருத்து. ஐயத்தின் பயனை ஒரு கையாற் கொடுத்து மறுகையால் வாங்குவது பொருந்தாது.

விசாரணையின்றிக் கொன்ற பாண்டியன் கதைக்கு எமது கரையோரத்திலே விளக்கம் தேவையில்லை. தம்பிலுவில் தொடக்கம் வடக்கே நெடுகக் கண்ணகை அம்மன் கோயில்கள். வைகாசியிலே குளிர்த்தி பாடப்படுகின்றது. களவுபோன பொருள் கையில் இருந்தமையே களவுக்குப் போதிய சான்று என அம்மன்னன் கொண்டான். எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவும், அண்மையிற் களவுபோன பொருளை வைத்திருப்பவனைக் கள்ளன் என ஊகிக்க இடமளிக்கின்றது. ஆனால் அது எவ்வாறு வந்தது எனச் சொல்ல அவனுக்கு வாய்ப்பளித்த பின்னரே. கோவலனுக்கு இல்லாதுபோனது அவ்வொரு கேள்வியே. மனுநீதிச் சோழனை விட்டுவிட்டு, நீதிமன்ற வாயிலிலே கண்ணகியை நிறுத்தியிருக்கலாம்.

இவ்வளவும் படித்தபின் நண்பர்கள் மூவர் மூன்று விதமாக மறுப்பர் என்பது எனக்குத் தெரியும். முதலாமவர், பாமரனுக்கு விதிவிலக்குகளைக் கற்பித்தால் அவன் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொள்வான் என்பார். தப்பிக்கும் வழியை வசதி படைத்தவன் ஏற்கெனவே சட்டத்தரணியிடம் விலைகொடுத்து வாங்கிவிட்டான். ஏழை கற்பதற்கு மாத்திரம் அஞ்சுவது, குற்றத்துக்கு அஞ்சுவதன்று. இரண்டாமவர், இது சட்டபீடத்தின் வேலை, தமிழ்ச் சங்கத்துக்கு இலக்கியமே உரியது என்பார். அவருக்கு அஹ்னாப் ஜசீமை நினைவூட்டுவேன். 2017 இல் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை வெளியிட்ட அவ்விளைஞர் 2020 மே மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார்; 2021 டிசம்பரிலே பிணையில் வந்தார்; 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதையின் உவமை உவமைதான் என்பதை நிறுவ மூன்றரை ஆண்டுகள் சென்றன. உவமையணி எந்தப் பீடத்தின் பாடம்?

மூன்றாமவரே கனமான எதிராளி. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி. அதைக் கற்பிப்பது விலங்குக்கு எண்ணெய் பூசுவது போன்றது என்பார் அவர். அவருக்கு விடையளிக்க நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்கின்றது. இது 1895 இல் குடியேற்ற அரசு இயற்றிய விதி. தன் பொலிசாரின் அறைகளிலே என்ன நிகழும் என்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது. 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு இக்காப்பை அகற்றியது: உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளித்த வாக்குமூலம் சான்றாகும், அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரமும் எதிரியுடையதே. பூட்டிய அறைக்குள் இருந்தோர் அடித்தவரும் அடிவாங்கியவருமே. சாட்சியை அடிவாங்கியவர் கொண்டுவரவேண்டும்.

சிங்கராசா 1993 யூலை 16 அன்று கிழக்கிலே ஒரு சுற்றிவளைப்பில் கைதுசெய்யப்பட்டவர். அவருடைய மொழி தமிழ். அவரது ஒப்புதல் வாக்குமூலம் என நீதிமன்றத்திலே வைக்கப்பட்ட பத்திரமோ சிங்களத்தில் இருந்தது. இடையிலே மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். அடியிலே அவரது பெருவிரல் அடையாளம். யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள்மீதான தாக்குதல்கள் அவர்மீது சுமத்தப்பட்டன. 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவ்வாக்குமூலத்தைக் கொண்டே அவரைக் குற்றவாளியாகக் கண்டு ஐம்பதாண்டுச் சிறை விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை முப்பத்தைந்தாகக் குறைத்தது. 2004 யூலையிலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, வாக்குமூலம் தன்னிச்சையாக அளிக்கப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுநருடையதே என்றும், அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்றும் முடிவுசெய்தது. 2006 செப்டெம்பரிலே எமது உயர் நீதிமன்றம், அக்குழுவுக்கு முறையிட வழிசெய்த விருப்புரிமை நெறிமுறையிலே 1997 இல் இலங்கை இணைந்தமையே அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறி அவரது மனுவை நிராகரித்தது. 2022 இன் திருத்தம் தடுத்துவைக்கும் காலத்தைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. 16 ஆம் பிரிவை அது தொடவில்லை.

இப்பொழுது மூன்றாமவரிடம் கேட்கின்றேன். சட்டம் முழுவதும் ஒரே விலங்கு எனின், 16 ஆம் பிரிவை ஏன் எழுதவேண்டியிருந்தது? 25 ஆம் பிரிவு தடையாக நின்றமையாலேயே எழுதினர். எது பறிபோயிற்று எனச் சொல்வதற்கு எது இருந்தது என அறிந்திருக்கவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் கொடியது என எமது மேடைகளிலே முழங்காதவர் இல்லை. அது எந்தப் பிரிவின் எந்தக் காப்பை எவ்வாறு அகற்றியது எனக் கேட்டால் மேடை மௌனமாகின்றது. கொடுமை என்ற சொல்லோடு எமது அறிவு முடிந்துவிடுகின்றது.

மொழிப் பிரச்சினையும் அவ்வாறே. 1988 இன் பதினாறாம் திருத்தத்தின் பின்னர் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக்கியுள்ளது. வழக்கு நடைபெறும் மொழியை அறியாதவருக்கு அரசு தன் செலவிலே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அளிக்கவேண்டும். உரிமை ஏட்டிலே உண்டு. எனது ஊரவர் ஒருவர், மாடு பயிரில் இறங்கியது தொடர்பான சச்சரவிலே, மாவட்டத்திலுள்ள ஒரு பொலிஸ் நிலையத்தில் தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலே எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட்டு வந்தார். என்ன எழுதியிருந்தது எனக் கேட்டேன். "ஐயா காட்டின இடத்தில வெச்சன் மகன்" என்றார். வாசித்துக் காட்டும்படி கேட்கலாம், தமிழிலே எழுதும்படி கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பார், போடியார்மாரிடமே கணக்குக் கேட்ட மனிதர் அவர்.

அரசைக் குறைகூறி முடித்துவிட்டு நாம் கைகழுவ முடியாது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்தும் ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023 இலே நிராகரித்தபொழுது நாம் மகிழ்ந்தோம். தமிழிலே சட்டம் படித்து வெளியேறுவோர் தமிழிலே மக்களுக்கு எழுதியவை எத்தனை? இந்தியாவிலே பழைய தண்டனைச் சட்டம் 2024 யூலை முதலாம் திகதியுடன் அகன்று, 'பாரதிய நியாய சன்ஹிதா' என்ற பெயருடன் புதியது வந்தபொழுது தமிழ்நாட்டுச் சட்டத்தரணிகள் பெயர் விளங்கவில்லை எனப் போராடினர். நியாயமான போராட்டம். ஆனால் பெயர் விளங்கிய பழைய சட்டத்தின் உள்ளடக்கம் எத்தனை தமிழனுக்கு விளங்கியிருந்தது என்பதையும் கேட்கவேண்டும். தொல்காப்பியச் சூத்திரமொன்றுக்கு நால்வர் உரை இருந்தும் ஐந்தாவது உரைக்கு ஆய்வேடு எழுதுகின்றோம். 89 ஆம் பிரிவுக்கு உரை எழுதினால் இலக்கணம் தேய்ந்துவிடுமா?

சொற்களிலே தொடங்கலாம், அது தமிழ் மாணவரின் தொழில். எமது நீதிமன்றத் தமிழிலே குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்கும் பெயர் 'எதிரி'. எதிர்த்தரப்பினர் என்ற பழைய பொருளிலே இச்சொல் பிழையற்றது. நானும் இக்கட்டுரையிலே வழக்கம் கருதி அதையே ஆண்டேன். ஆனால் தெருவிலே அச்சொல்லின் பொருள் பகைவன். அவர் நிற்குமிடத்துக்கு நாம் இட்ட பெயரோ 'குற்றவாளிக் கூண்டு'. தீர்ப்பு வருமுன்னரே, பகைவன் குற்றவாளிக்குரிய கூண்டிலே நிற்கின்றான்! குற்றவாளியெனக் காணப்படும்வரை ஒருவர் குற்றமற்றவர் என்ற கொள்கையை எமது சொற்களே முறியடிக்கின்றன. மறுநாட் காலையிலே பத்திரிகை 'கொலைகாரன் கைது' எனத் தலைப்பிடுகின்றது. கைதுசெய்யப்பட்டவர் சந்தேகநபரே என்பதை ஆசிரியபீடத்துக்கு எழுதித் தெரிவிக்கச் சங்கம் ஒரு தபாலட்டையைச் செலவிட்டால் போதும்.

அடுத்த இதழுக்கு முன்னர் நான்காம் அத்தியாயத்தின் தற்காப்புப் பிரிவுகள் பதினொன்றையும், ஒவ்வொன்றுக்கும் வயலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் எடுத்த ஓர் உதாரணத்துடன், பதினாறு பக்கச் சிறுநூலாக வெளியிடவேண்டும் எனச் சங்கத்தை வேண்டுகின்றேன். கோளாவில், பனங்காடு, கண்ணகிபுரம், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை வாசிகசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கோயில்களுக்கும் அதை விடுமுறையிலே நாமே கொண்டுசெல்லலாம். வரைவைச் சட்டம் பிழையாதபடி பார்த்துத்தரச் சட்டபீட நண்பர் இருவர் இசைந்துள்ளனர். வாக்கியங்களை முல்லைக்காரன் வாசிக்கும்படி குறுக்கித்தர விரிவுரையாளர் ஒருவர் முன்வரவேண்டும்.